துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை

ஓர் உத்தியோகத்துக்குத் தக்கவரைத் தேர்ந்தெடுத்தல் அரசியற் கருமங்களுள் தலையாயது. திருவள்ளுவனார் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என இரண்டு அதிகாரங்களை இதன்பொருட்டே வகுத்தனர். அவ்வாறு தெரியாது செய்யும் நியமனத்தால் விளையுங் கேட்டினைத் தம் குடும்பத்திலேயே கண்டும், தாம் கண்டவற்றையெல்லாம் எழுதிவைத்த பெரியார் ஒருவரின் சரித்திரத்தை நம் சங்கத்து அன்பர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அவர், நம் குலத்துக்கும் புதுவை நகர்க்கும் திலகமாய் விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையவர்களே.

இவர் 1709ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 30ஆம் நாள் சென்னையை அடுத்த பெரம்பூரிற் பிறந்தனர். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை வர்த்தகர். அவர் மைத்துனராகிய நைனியப்பப் பிள்ளை புதுவையிலே பிரெஞ்சுக் கும்பினியின் பெரிய துபாஷியாய் இருந்தமையின், அவர் அழைப்புக்கிணங்கி இக்குடும்பம் புதுவைக்குக் குடியேறிற்று. துபாஷி என்னுஞ் சொல் இருமொழி வல்லார் எனப் பொருள்படினும், பெரிய துபாஷியின் வேலை மொழிபெயர்ப்போடு அமைவதன்று. வணிகரைக் கும்பினியோடு பிணிப்பவரும், சுதேச மன்னர்பால் கவர்னருக்காகப் பேசுபவரும், தமிழ்க் குடிகளின் குறைகளை மேலிடத்துக்கு உணர்த்துபவரும் அவரே. இத்துணைப் பெரும் பதவிக்கு இன்ன தகுதி வேண்டும் என்ற விதியும், இன்ன குற்றத்துக்கே நீக்கலாம் என்ற வரம்பும் அந்நாளில் இல்லை. எல்லாம் கவர்னரின் விருப்பமே.

அதன் பயனை முதலில் அனுபவித்தவர் நைனியப்பர். அவரை 1708இல் அப்பதவியில் அமர்த்திய கவர்னர் ஏபேர் என்பாரே 1716இல் அவரைச் சிறையிட்டனர். கிறிஸ்தவர் அல்லாதார் அப்பதவியில் இருத்தலாகாது என்று ஏசுசபைப் பாதிரிமார் நெடுநாளாய் வற்புறுத்தி வந்தனர். விசாரணையிலே சாட்சிகள் தமிழிற் சொல்ல, அது போர்த்துகேசியத்தில் மாற்றப்பட்டு, முடிவிற் பிரெஞ்சில் எழுதப்பட்டது. தாம் அறியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் அவர்கள் கையொப்பமிட்டனர். ஐம்பது கசையடியும், மூன்றாண்டுச் சிறையும், 8,888 வராகன் அபராதமும், சொத்துப் பறிமுதலும் தண்டனையாயின. 1717இல் நைனியப்பர் சிறையிலேயே உயிர் துறந்தனர்.

எனினும் அவ்வழக்கு அவரோடு மாயவில்லை. மேல்முறையீடுகள் பிரெஞ்சு தேசத்தை எட்டின. நைனியப்பரின் புதல்வர் குருவப்பப் பிள்ளை கடல் கடந்து பாரிசு மாநகர் சென்று முறையிட்டனர். தீர்ப்பு 1720இல் தள்ளுபடியாயிற்று; ஏபேரும் செய்த அநீதிக்குப் பொறுப்பாளியாக்கப்பட்டனர். குருவப்பர் கிறிஸ்து சமயந் தழுவிச் செவாலியே பட்டமும் பெற்றுத் திரும்பித் தந்தையார் வகித்த பதவியில் அமர்ந்து, 1724இற் காலஞ்சென்றனர். நியமித்தவரும் நீக்கியவரும் விடை கூறியே தீரவேண்டும் என்பதற்கு இந்நகர் கண்ட முதற்பெருஞ் சான்று இதுவெனலாம். ஆயினும் நீதி வந்தபோது நைனியப்பர் உயிரோடு இல்லை என்பதை நாம் மறத்தல் கூடாது.

1726இல் திருவேங்கடம் பிள்ளை மறைந்தனர். இளைஞராகிய ஆனந்தரங்கரைக் கவர்னர் லெனுவார் ஆதரித்துப் பரங்கிப்பேட்டைப் பண்டகசாலையை ஒப்புவித்தனர். 1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் தொடங்கித் தாம் கண்டதும் கேட்டதுமாகியவற்றை அவர் நாடோறும் எழுதலாயினர்.

குருவப்பருக்குப் பின் பெரிய துபாஷியாய் விளங்கிய கனகராய முதலியார் 1746 பிப்ரவரியில் இறந்தனர். அவரும் கிறிஸ்தவரே, இருபதாண்டுக்கு மேல் அப்பணியை ஆற்றியவர். அவ்விடத்துக்குப் போட்டி மூண்டது. கனகராயரின் தம்பிக்காகப் பரிந்து பேசினார் சிலர். பணங்கொடுத்துப் பதவி பெற முயன்றார் வேறு சிலர். தமிழ் பேசவல்லவராகிய துய்ப்ளேக்சு துரையின் மனைவியாரும் இதிலே தலையிட்டனர். அவ்வாண்டு செப்டம்பரிற் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றிற்று. அத்தகைய நெருக்கடியிலும் வேலை முழுவதும் ஆனந்தரங்கர் தலைமேலிருக்கப் பதவி மட்டும் வெளிப்பட அளிக்கப்படாதிருந்தது. அடுத்த ஆண்டிலேயே அவர் பெரிய துபாஷியாயினர்.

அவரும் மாசு மறுவற்றவர் என்று நாம் கூறவரவில்லை. நஜர் கொடுத்தலும் வாங்கலும் அக்காலத்து நடைமுறை. அவரும் அந்நடைமுறைக்குள் வாழ்ந்தவரே. ஆனால் அந்நடைமுறையை அவர் மறைத்தாரில்லை. யார் யாருக்கு என்ன கொடுத்தனர், எவர் எவரை இழிவுபடுத்தினர், எந்த நியமனம் எவ்வழியால் நிகழ்ந்தது என்பனவெல்லாம் அவர் ஏடுகளில் உள. கவர்னர் லெறி காலத்தில், 1756இல், நோயாலும் தளர்ச்சியாலும் அவர் பதவி நீங்கினர். 1761 ஜனவரியில், புதுவை ஆங்கிலேயர் கைப்பட்ட அம்மாதத்திலேயே, அவர் உயிர் நீத்தனர். கல்லோய்-மோம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் 1846இல் அவ்வேடுகளைக் கண்டறிந்தனர். 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதிகாரத்திலிருந்தோர் அஞ்சவேண்டிய கணக்கு இருந்தது. ஆனால் அவர்கள் இறந்தபின்னரே அது வெளிப்பட்டது.

அன்பர்காள், இக்காலத்தே போட்டித் தேர்வும், மதிப்பெண் பட்டியலும், வழக்காடும் உரிமையும் இருக்கின்றன. இருந்தும் 2019இல் தமிழ்நாட்டு நான்காந் தொகுதித் தேர்விலே நடந்த மோசடியின் காரணமாக, தொண்ணூற்றொன்பது பேர் இனி எத்தேர்வும் எழுதலாகாதென 2020இல் தடைசெய்யப்பட்டனர். மூலையில் அமர்ந்து பயின்ற ஏழை மாணவனின் இடம் அவ்வாறு களவு போகுமாயின், நைனியப்பரின் அழுகுரல் இன்னும் ஓயவில்லை என்பதே பொருள்.

நம் சங்கத்தாரிடம் சிபாரிசுக் கடிதம் வேண்டி வருவோர் பலர். சட்டம் வகுத்த ஒதுக்கீட்டை உரிமையுடன் கோருதல் வேறு. மறைவில் ஒருவரைப் பிடித்துப் பிறனுடைய இடத்தைப் பறித்தல் வேறு. முன்னதற்கு நாம் போராடுவோம். பின்னதற்கு ஒரு வரியும் எழுதாதிருப்போம். நம் பிள்ளைகள் பதவி பெறின், ஆனந்தரங்கர் நாடோறும் எழுதியதுபோல, தாம் செய்வதையெல்லாம் எவர் கேட்பினும் காட்டவல்ல கணக்காக வைத்தல் வேண்டும். அதுவே அப்பெரியாருக்கு நாம் செய்யும் உண்மையான வழிபாடாகும்.