மங்கிய ஒளியைப் பிடித்த கணக்கு அதிகாரி

1907-ம் ஆண்டு கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகச் சேர்ந்தபோது சி. வி. ராமனுக்கு வயது 18. திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தவர். சம்பளம், அந்தஸ்து எல்லாம் அந்த வயதிலேயே வந்துவிட்டன. ஆனால் டிராமில் போகும்போது பௌபஜார் தெருவில் ஒரு விஞ்ஞானக் கழகத்தின் பெயர்ப் பலகை கண்ணில் பட்டது. அன்றோடு ஓய்வு போயிற்று!

விடியற்காலை ஐந்தரைக்கு அங்கே ஆராய்ச்சி. பிறகு வீட்டுக்கு ஓடி, குளித்துச் சாப்பிட்டு ஆபீஸ். மாலை ஐந்துக்கு மறுபடி ஆராய்ச்சி. வீடு திரும்ப இரவு பத்தாகும். நடுவே ரங்கூன், நாகபுரி என்று மாற்றல் வேறு. 1917-ல் உத்தியோகத்தையே உதறிவிட்டு, குறைந்த சம்பளத்தில் கல்கத்தா சர்வகலாசாலைப் பேராசிரியரானார். குடும்பஸ்தர் எத்தனை பேருக்கு இந்தத் துணிச்சல் வரும்?

1928 பிப்ரவரி 28. கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு நடத்திய சோதனைகள் பலித்தன. ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சொற்பப் பகுதி நிறம் மாறி வருகிறது. எவ்வளவு மாறுகிறது என்பது அப்பொருளின் மூலக்கூறுகள் அதிரும் விதத்தைப் பொறுத்தது. அதாவது பொருளின் கைரேகை! 1930-ல் நோபல் பரிசு. 1933-ல் நம் பெங்களூருக்கு வந்து, 'டாடா இன்ஸ்டிட்யூட்' என்று மக்கள் சொல்லும் ஸ்தாபனத்தின் முதல் இந்திய டைரக்டரானார். 1970 நவம்பர் 21-ல் இங்கேயே காலமானார்.

அவர் கண்ட ஒளி மிகமிக மங்கல். அதைப் படம் பிடிக்கப் போட்டோ பிளேட்டை மணிக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். உயிருள்ள செல் அதுவரை சும்மா இருக்குமா? லேசர் வந்த பிறகு வழி பிறந்தது. இரண்டு லேசர் கதிர்களின் அதிர்வெண் வித்தியாசத்தை மூலக்கூறின் அதிர்வோடு பொருத்தினால், மூலக்கூறுகள் எல்லாம் ஒரே தாளத்தில் ஆடும், ஒளி பன்மடங்காகும். 1999-ல் அமெரிக்காவில் இம்முறையால், சாயம் ஏற்றாமலே உயிருள்ள செல்லை மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்தார்கள்.

ஆனால் படத்தில் ஓரளவுக்கு மேல் நுணுக்கம் தெரியவில்லை. அலை நீளமான அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துவதால், ஏறக்குறைய 300 நானோமீட்டருக்குள் நெருங்கிய இரண்டு புள்ளிகள் ஒன்றாகத் தெரியும். அது தலைமுடியின் கனத்தில் சுமார் இருநூற்றில் ஒரு பங்குதான். செல்லுக்குள் அதுவே பெரிய தூரம். அலை குட்டையான, கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு மாறி, 2018-ல் சுமார் 130 நானோமீட்டர் வரை குறைத்தார்கள். ஆனால் குட்டை அலை ஒளியில் செல் சீக்கிரம் கருகிவிடுகிறது. இந்த இழுபறி இன்னும் ஓயவில்லை.