மத்தியஸ்தம் செய்யச் சென்று உயிரை விட்ட பெர்னடோட்

பலஸ்தீனப் பிரச்சினைக்கு இரு நாடுகள் தீர்வா, ஒரே நாடா என்ற விவாதம் இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1948இல் ஐக்கிய நாடுகள் சபை அங்கு அனுப்பிய மத்தியஸ்தர் இவ்விரண்டையும் ஆராய்ந்து பார்த்தார். அவர் பணியாற்றியது நான்கு மாதங்கள்கூட இல்லை. தனது இரண்டாவது திட்டத்தில் கையொப்பமிட்ட மறுநாள் ஜெரூசலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்தான் சுவீடனைச் சேர்ந்த கவுண்ட் போல்க் பெர்னடோட்.

1895இல் ஸ்டொக்ஹோமில் அரச குடும்பத்தில் பிறந்தவர் அவர். காதல் திருமணத்துக்காக அவரது தந்தை அரியணை உரிமையைத் துறந்திருந்தார். இராணுவ அதிகாரியாக இருந்த பெர்னடோட், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் பொறுப்புகளை ஏற்றார். 1945இல், போர் முடியும் தறுவாயில், நாஜித் தலைவர் ஹிம்லரை நேரில் சந்தித்துப் பேசி, வதை முகாம்களிலிருந்த கைதிகளை வெள்ளை வர்ணம் பூசிய பஸ் வண்டிகளில் சுவீடனுக்கு அழைத்து வந்தார். அவ்வாறு உயிர் பிழைத்தவர்களில் ஆயிரக்கணக்கான யூதர்களும் இருந்தனர்.

1947 நவம்பர் 29இல் ஐ.நா. பொதுச் சபை பலஸ்தீனத்தை இரண்டாகப் பிரிக்கத் தீர்மானித்தது. சனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கினரான யூதர்களுக்கு நிலத்தில் சுமார் 55 வீதம் ஒதுக்கப்பட்டது. அரபுகள் இதனை நிராகரித்தனர். மோதல்கள் மூண்டன. 1948 மே 14இல் இஸ்ரேல் பிரகடனம் செய்யப்பட்டது. மறுநாள் அரபு நாடுகளின் படைகள் உள்ளே நுழைந்தன. இந்தச் சூழலில்தான், மே 20ஆம் திகதி, பெர்னடோட் மத்தியஸ்தராக நியமிக்கப்பட்டார்.

ஜூன் 11இல் நான்கு வார யுத்த நிறுத்தத்தை அவர் ஏற்படுத்தினார். அம்மாத இறுதியில் தனது முதலாவது யோசனையை முன்வைத்தார். அரபுப் பகுதி, யூதப் பகுதி என இரு அங்கங்களைக் கொண்ட, டிரான்ஸ்ஜோர்தானையும் உள்ளடக்கிய ஓர் ஒன்றியமே அந்த யோசனை. ஒவ்வொரு பகுதியும் தன் உள்விவகாரங்களைத் தானே கவனிக்கும். பொருளாதாரத்திலும் பாதுகாப்பிலும் இணைந்து செயற்படும். நெகேவ் பாலைவனமும் ஜெரூசலமும் அரபுகளுக்கு, மேற்குக் கலிலேயா யூதர்களுக்கு. இரு தரப்பும் இதை மறுத்துவிட்டன. ஜெரூசலத்தையும் தனி இறைமையையும் விட்டுக்கொடுக்க இஸ்ரேல் தயாராக இருக்கவில்லை. யூத அரசு என்ற ஒன்றை எந்த வடிவிலும் ஏற்க அரபுத் தரப்பு தயாராக இருக்கவில்லை.

ஜூலையில் மீண்டும் போர் வெடித்தது. லித்தா, ரம்லா ஆகிய நகரங்களிலிருந்து 50,000க்கும் அதிகமான மக்கள் விரட்டப்பட்டனர். கடும் வெயிலில் பலர் ரமல்லாவை நோக்கி நடந்தே சென்றனர். பெர்னடோட் ரமல்லாவுக்குச் சென்று அந்த மக்களை நேரில் கண்டார். அவர்கள் கேட்டது உணவும், சொந்த வீடு திரும்பும் வழியும்தான். அவர்களைத் திரும்ப அனுமதிக்குமாறு இஸ்ரேலிடம் கோரினார். போர் நடக்கும்வரை அது முடியாது என்பதே கிடைத்த பதில்.

செப்டெம்பர் 16இல் அவர் கையொப்பமிட்ட இரண்டாவது திட்டம் வேறு விதமாக இருந்தது. ஒன்றியம் என்ற யோசனையை அவர் கைவிட்டார். இஸ்ரேல் என்ற நாடு உருவாகிவிட்டதை ஏற்றுக்கொண்டார். கலிலேயாவை இஸ்ரேலுக்கும் நெகேவை அரபுகளுக்கும் கொடுத்து, ஜெரூசலத்தை ஐ.நா.வின் கீழ் கொண்டுவர வேண்டும் என்றார். இவற்றோடு, அகதிகள் கூடிய விரைவில் தம் வீடுகளுக்குத் திரும்ப உரிமை உண்டு, திரும்ப விரும்பாதோருக்கு நஷ்டஈடு வழங்கப்பட வேண்டும் என்றும் வலியுறுத்தினார். வெளிநாடுகளிலிருந்து யூதர்கள் வந்து குடியேறிக்கொண்டிருக்க, தலைமுறை தலைமுறையாக அம்மண்ணில் வாழ்ந்தவர்களைத் தடுப்பது அடிப்படை நீதிக்கே முரணானது என்பது அவரது வாதம்.

மறுநாள் ஜெரூசலத்தின் கத்தமோன் பகுதியில் ஜீப் ஒன்று அவரது வாகனத் தொடரணியை மறித்தது. பெர்னடோட்டும் பிரெஞ்சு கேணல் அந்ரே செரோவும் கொல்லப்பட்டனர். இதனைச் செய்தது லெஹி என்ற யூதத் தீவிரவாத இயக்கம். இஸ்ரேல் அவ்வியக்கத்தைத் தடை செய்தது. எனினும் கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. அன்று அவ்வியக்கத்தின் மூன்று தலைவர்களில் ஒருவராக இருந்த யிட்ஷாக் ஷமீர், 1983இல் இஸ்ரேலின் பிரதமரானார்.

பெர்னடோட்டின் திட்டங்களில் பெரிய குறை ஒன்று இருந்தது. பலஸ்தீனருக்குத் தனி நாடு என்பதை அவர் முன்வைக்கவில்லை. இரு திட்டங்களிலும் அவர்களின் நிலத்தை டிரான்ஸ்ஜோர்தானுடன் சேர்ப்பதையே நாடினார். அம்மக்களின் அரசியல் எதிர்காலத்தை அவர்களிடமே கேட்டுத் தீர்மானிக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைய இராஜதந்திரிகள் பலரிடம் இருக்கவில்லை. அவரும் அதற்கு விதிவிலக்கல்ல.

ஆனால் அகதிகள் விடயத்தில் அவர் எழுதியது நிலைத்தது. 1948 டிசம்பர் 11இல் பொதுச் சபை நிறைவேற்றிய 194ஆம் இலக்கத் தீர்மானத்தின் 11ஆம் பந்தி அவரது பரிந்துரையின் வழிவந்தது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற ரால்ப் பன்ச், 1949இல் போர்நிறுத்த உடன்படிக்கைகளை ஏற்படுத்தி 1950இல் நோபல் சமாதானப் பரிசும் பெற்றார். 1948 போரில் இடம்பெயர்ந்த ஏழு இலட்சத்துக்கும் அதிகமானோர் வீடு திரும்பும் உரிமை மட்டும் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.

ஒரே நாடு, இரு நாடுகள், கூட்டாட்சி என்று எந்தத் தீர்வைப் பேசினாலும், வீட்டுக்குத் திரும்புவது பற்றி அம்மக்களுக்கு என்ன பதில் என்ற கேள்வியிலிருந்து தப்ப முடியாது. யூதர்களை நாஜிகளிடமிருந்து மீட்ட மனிதர் அதே மனிதாபிமானத்தோடு பலஸ்தீன அகதிகளையும் பார்த்தார். அதற்காகவே அவர் நினைவுகூரப்பட வேண்டியவர்.