சப்பாத்துத் தைத்தவர் வாசித்த கதைகள்

ஹான்ஸ் கிறிஸ்டியன் அன்டர்சன் என்றதும் அவருடைய தந்தையைத்தான் நான் முதலில் நினைப்பேன். டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் சப்பாத்துத் தைத்துப் பிழைத்த ஏழை. 1805 இல் பிறந்த மகனுக்கு ஆயிரத்தொரு இரவுக் கதைகளை வாசித்துக் காட்டியவர். நெப்போலியன் காலப் போரில் சிப்பாயாகச் சேர்ந்து, உடல்நலம் கெட்டுத் திரும்பி, 1816 இல் இறந்துபோனார். மகனுக்கு அப்போது 11 வயது.

14 வயதில் தனியாகக் கொப்பன்ஹேகன் போன அந்த மகன், 1835 இல் முதல் தேவதைக் கதைகளை வெளியிட்டார். பிள்ளைகள் எதிரே இருந்து கேட்பதுபோலப் பேச்சுமொழியில் எழுதினார். விமர்சகர்கள் குறைகூறியும் விடவில்லை. 1875 இல் இறந்தபோது 150க்கும் மேற்பட்ட கதைகளை எழுதியிருந்தார்.

பங்கருக்குள் அம்மம்மாவிடம் கதை கேட்டு வளர்ந்தவள் நான். அன்டர்சனின் தந்தையைப் போர் கொண்டுபோனது. அவர் வாசித்த கதைகள் மகனிடம் இருந்தன. பிள்ளைகளுக்குக் கதை சொல்லுங்கள்.