உடைந்த குடமும் ஓர் ஆசிரமமும்

இமயத்திலும் திபெத்திலும் பல்லாண்டுகள் சுற்றித் திரிந்த துறவி ஒருவர், தமது பிற்கால வாழ்வின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளை வங்காளக் கிராமப்புறத்தில் ஆதரவற்ற சிறுவர்களுக்கென அர்ப்பணித்தார். அவரே ஸ்ரீராமகிருஷ்ணரின் நேரடிச் சீடரான சுவாமி அகண்டானந்தர் (1864–1937).

1897-இல் அவர் முர்ஷிதாபாத் மாவட்டத்தின் வழியே கால்நடையாகச் சென்றபோது அங்கே பஞ்சம் தலைவிரித்தாடியது. தாத்பூர் என்னும் ஊரில் ஏழை முஸ்லிம் சிறுமி ஒருத்தி, உடைந்துபோன மண்குடத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். வீட்டில் வேறு குடம் இல்லை. சுவாமிகளிடம் இருந்தது நாலணா. அதில் அவளுக்குப் புதுக்குடமும் அவலும் வாங்கித் தந்தார். அதற்குள் பசித்த பிள்ளைகள் பலர் அவரைச் சூழ்ந்துகொண்டனர். மீதிக் காசும் அவர்களுக்கு அவலாயிற்று.

பயணம் அத்துடன் நின்றது. மே மாதத்தில் மஹுலாவில் பஞ்ச நிவாரணப் பணியைத் தொடங்கினார். பஞ்சம் தணிந்தால் நிவாரணம் முடிந்துவிடும். பெற்றோரை இழந்த பிள்ளையின் தேவையோ அத்துடன் முடிவதில்லை. அது வளர்ந்து ஆளாகும்வரை உடனிருக்க ஒருவர் வேண்டும். ஆகவே அவ்வாண்டே அநாதை இல்லம் ஒன்றை ஏற்படுத்தினார். முஸ்லிம் சிறுவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவர்களது மதத்தில் தலையிடலாகாது என்று சுவாமி விவேகானந்தர் அவருக்குக் கடிதம் எழுதினார்.

1913-இல் ஆசிரமம் சாரகாச்சியில் சொந்த நிலத்தில் அமைந்தது. பிள்ளைகள் எழுத்தறிவோடு நெசவு, தையல், தச்சு ஆகிய தொழில்களையும் கற்றனர். அவர்களுக்குத் தாயும் தந்தையும் ஆசானும் சுவாமிகளே.

1934-இல் ராமகிருஷ்ண மடம் மற்றும் மிஷனின் தலைவரான பின்னரும் அவரது மனம் சாரகாச்சியிலேயே தங்கியிருந்தது. இறைவனைத் தேடி மலைகளில் அலைந்தவர், ஆதரவற்ற குழந்தையின் அருகே அமர்ந்து அவனை வழிபட்டார்.