அடையாறுக்கு வந்த டாக்டரம்மா

இந்தத் தடவை நான் ஒரு டாக்டரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் மரியா மாண்டிசோரி. இந்தப் பெயரை நாம் எல்லோரும் நர்சரி ஸ்கூல் போர்டுகளில் பார்த்திருப்போம். அது ஒரு மனுஷியின் பெயர் என்று போன வருஷம் வரை எனக்குத் தெரியாது.

எப்படித் தெரிந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் தம்பிக்கு நாலு வயசு. எல்.கே.ஜி. சேர்த்த புதுசில் ஒரு நாள் வகுப்பிலேயே ஒன்றுக்குப் போய்விட்டான். எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் அவனை நிற்க வைத்துவிட்டார்கள். அதிலிருந்து காலையில் யூனிஃபார்மைப் பார்த்தாலே வயிறு வலிக்குது என்பான். ராத்திரி எழுந்து அழுவான். வீட்டுக்கு வெளியே யாரிடமும் வாயைத் திறக்க மாட்டான். அவன் நடிக்கிறான் என்று முதலில் சொன்னது நான்தான். அம்மா வேலைக்குப் போவதால் அவனுக்கு அ, ஆ சொல்லிக் கொடுப்பது என் பொறுப்பு. எழுதவில்லை என்று இரண்டு தடவை அடித்தும் இருக்கிறேன். அந்தச் சமயத்தில் ரோமன் ரோலன் நூலகத்தில் வேறு எதையோ தேடும்போது இவருடைய வரலாறு கையில் கிடைத்தது.

மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டார். அப்பாவுக்கு அதில் இஷ்டமில்லை. ஆண்களோடு சேர்ந்து ஒரு பெண் பிணத்தை அறுத்துப் படிக்கக் கூடாது என்று கல்லூரியில் தடை போட்டார்கள். எல்லோரும் போன பிறகு தனியாக இருந்து படித்தார். 1896ல் ரோம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் டாக்டர்களில் இவரும் ஒருவர்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு மனநோய் விடுதிகளுக்குப் போய்ப் பார்த்தார். மூளை வளர்ச்சி குறைந்த குழந்தைகளையும் அங்கே பெரியவர்களோடு அடைத்து வைத்திருந்தார்கள். ஓர் இடத்தில் குழந்தைகள் சாப்பிட்டு முடித்ததும் தரையில் விழுந்த ரொட்டித் துகள்களைப் பொறுக்கினார்களாம். பேராசை பிடித்த பிள்ளைகள் என்று அங்கிருந்த ஆயா திட்டினாராம். மாண்டிசோரி அறையைச் சுற்றிப் பார்த்தார். கையில் எடுத்து விளையாட அங்கே ஒரு சாமானும் இல்லை. பிள்ளைகளுக்குப் பசி வயிற்றில் இல்லை, கைக்கும் மனசுக்கும்தான் என்று புரிந்துகொண்டார்.

இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி அவருக்கு முன்பே இத்தார், செகேன் என்ற இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள் எழுதியிருந்தார்கள். அவர்கள் எழுதியதை இத்தாலிய மொழியில் பெயர்த்துத் தன் கையாலேயே முழுக்க எழுதினார். அவசரமில்லாமல் ஒவ்வொரு சொல்லையும் யோசிக்க அது உதவும் என்று நினைத்தார். நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு எழுதும்போது கை வலிக்கிறது என்று சொல்கிறவர்கள் கவனிக்கவும்!

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் ரோம் நகரத்தில் சான் லோரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அப்பா அம்மா கூலி வேலைக்குப் போய்விட, பிள்ளைகள் சுவரைக் கிறுக்கிக்கொண்டு சுற்றிய இடம் அது. இன்று அவர் பெயரில் எத்தனையோ பெரிய ஃபீஸ் வாங்கும் பள்ளிகள் இருக்கலாம். ஆனால் முதல் பள்ளி கூலிக்காரர் பிள்ளைகளுக்காகத்தான் வந்தது.

அங்கே மேசை நாற்காலி எல்லாம் பிள்ளைகள் உயரத்துக்குச் செய்யப்பட்டன. எதை எடுத்துச் செய்வது என்று பிள்ளையே முடிவு செய்யலாம். பரிசும் கிடையாது, தண்டனையும் கிடையாது. ஒரு சின்னப் பெண் மரக்கட்டைகளைக் குழியில் பொருத்தி எடுத்து, மறுபடி பொருத்தி, நாற்பது தடவைக்கு மேல் அதையே செய்தாள். சுற்றி மற்ற பிள்ளைகளைப் பாட வைத்தும் அவள் நிமிரவில்லை. முடித்ததும் களைப்பே இல்லாமல் சிரித்தாளாம். மனசு ஒன்றில் பதிந்தால் குழந்தை அமைதி அடைகிறது என்று மாண்டிசோரி கண்டுகொண்டது அங்கேதான். இன்னொரு நாள் கைக்குட்டையால் மூக்கைச் சத்தமில்லாமல் சிந்துவது எப்படி என்று காட்டினார். பிள்ளைகள் எல்லோரும் கைதட்டினார்கள். அதுவரை மூக்கு ஒழுகுது என்று திட்டத்தான் ஆள் இருந்தார்கள், எப்படித் துடைப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. இதைப் படித்தபோது எனக்குத் தம்பி ஞாபகம் வந்தது. ஒன்றுக்கு வந்தால் டீச்சரிடம் எப்படிக் கேட்பது என்று நாங்களும் அவனுக்குச் சொல்லித் தரவில்லையே!

1908 டிசம்பர் 28ஆம் நாள் இத்தாலியில் மெசினா நகரத்தைப் பூகம்பமும் அதோடு வந்த சுனாமியும் அழித்தன. அப்பா அம்மாவை இழந்த சுமார் 60 குழந்தைகளை ரோமில் ஒரு கன்னியர் மடத்தில் சேர்த்து, மாண்டிசோரி முறையில் பள்ளி நடத்தினார்கள். வந்தபோது அந்தப் பிள்ளைகள் பேசவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை, ராத்திரியில் அலறினார்கள். பூச்செடி, சின்னச் சின்ன வீட்டு வேலை, அழகாகச் சாப்பாடு பரிமாறுவது, அன்பான ஆட்கள் என்று நாட்கள் போகப் போகச் சிரிப்பு திரும்பியது.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது நான் பிறக்கவில்லை. வீராம்பட்டினத்தில் எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவன் அதற்குப் பிறகு அலைச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவானாம். பேய் பிடிச்சிருக்கு என்று மந்திரிக்கக் கூட்டிப் போனதாக அம்மா சொன்னார். பயத்துக்கும் வைத்தியம் உண்டு என்று அப்போது நம் வீடுகளில் யாருக்குத் தெரியும்?

மாண்டிசோரி வாழ்க்கையிலும் துக்கம் உண்டு. 1898ல் அவருக்கு மரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் ஆகாததால் குழந்தையை வேறு குடும்பத்தில் வளர்க்கக் கொடுக்க வேண்டியதாயிற்று. சுமார் 15 வயசில்தான் மகன் அவரோடு வந்து சேர்ந்தான். அப்போதும் வெளியில் மகன் என்று சொல்லவில்லை. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. முசோலினி தந்த ஆதரவை அவர் சில வருஷம் ஏற்றுக்கொண்டார். பிறகு ஒத்துப்போகவில்லை. 1934ல் அவர் பள்ளிகள் இத்தாலியில் மூடப்பட்டன. நாட்டை விட்டு வெளியேறினார்.

1939ல், 69 வயசில், ருக்மிணி தேவி அருண்டேல், அவர் கணவர் ஜார்ஜ் அருண்டேல் அழைப்பில் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். நம்ம ஊரிலிருந்து ஈ.சி.ஆர். பஸ்ஸில் சுமார் மூன்று மணி நேரம்தான். கீற்றுக் கொட்டகையில் 300 பேருக்கு மேல் அவரிடம் பயிற்சி பெற்றார்கள். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதால் ஆங்கில அரசு அவரை எதிரி நாட்டவர் என்று கட்டுப்படுத்தியது. மரியோவை முகாமில் அடைத்தது. அவருடைய 70ஆவது பிறந்த நாளுக்குப் பரிசாக வைஸ்ராய் மரியோவை விடுதலை செய்தார். அந்தத் தந்தியில் மரியோவை அவர் மகன் என்றே எழுதியிருந்தார்கள். எத்தனை வருஷமாக அந்த ஒரு சொல்லுக்குக் காத்திருந்தாரோ!

1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கிச் சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்தார். பிறந்ததிலிருந்து ஆறு வயசு வரை குழந்தையின் மனசு சுற்றி நடப்பதை எல்லாம் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்கிறது என்று சொன்னார். அன்பையும் உறிஞ்சும், அவமானத்தையும் உறிஞ்சும். இதைப் பற்றிய அவர் புத்தகம் 1949ல் அடையாறில்தான் வெளிவந்தது. 1952 மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் காலமானார்.

என் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அடிப்பதை நிறுத்தினேன். மொச்சை, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு மூன்றையும் கலந்து கொடுத்து, கிண்ணத்தில் பிரித்துப் போடச் சொன்னேன். முக்கால் மணி நேரம் தலை நிமிரவில்லை! இப்போது வீட்டுக்குப் பக்கத்துப் பால்வாடிக்குப் போகிறான். மூன்றாவது வாரம் அங்கே உள்ள ஆயாவிடம் தண்ணி வேணும் என்று கேட்டானாம். ஆயா அதை வந்து சொன்னபோது அம்மா அழுதுவிட்டார். முழுசும் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ராத்திரியில் இன்னும் சில நாள் எழுகிறான். ஆனால் அழாமல் அக்கா என்று கூப்பிடுகிறான்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் சின்னத் தம்பி தங்கைகள் இருப்பார்கள். ஒரு பிள்ளை வாரக்கணக்கில் பேசாமல், தூங்காமல், பயந்து இருந்தால் அடம் என்று முடிவு செய்யாதீர்கள். ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் இலவசமாகவும் ஆலோசனை கேட்கலாம். குழந்தைக்குமா மனசு டாக்டர் என்று யாரும் சிரிக்க வேண்டாம். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி, அதனால்தான் சொல்கிறேன்.

– 11ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி