சிறுப்பிட்டி தந்த பதிப்பாசிரியர்



யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியால் புத்தூருக்குப் போகையில், நீர்வேலியைக் கடந்ததும் சிறுப்பிட்டி வருகிறது. அவ்வூரில் 1832 செப்டெம்பர் 12 ஆம் நாள் பிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. அவருடைய பெயரின் முதலெழுத்து ஊரையும், அடுத்தது தந்தையார் வைரவநாதரையும் குறிக்கும்.

அமெரிக்க மிசன் வட்டுக்கோட்டையில் நடத்திய செமினரியிலே தமிழும் ஆங்கிலமும் விஞ்ஞானமும் கற்றார். கோப்பாயில் ஆசிரியராகப் பணியாற்றினார். முன்னர் யாழ்ப்பாணத்தில் ஊழியஞ்செய்த பேர்சிவல் பாதிரியார் அப்போது சென்னையில் தினவர்த்தமானி என்ற பத்திரிகையை நடத்திவந்தார். அதன் ஆசிரியர் பொறுப்பை ஏற்க இவரையே அழைத்தார். இருபத்தைந்து வயதை எட்டுமுன்னரே எங்களூர் இளைஞர் சென்னைப் பத்திரிகையொன்றின் ஆசிரியரானார். 1857 இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் இவர் ஒருவர்; மற்றவர் இவருக்கு ஆசிரியராயிருந்த கறல் விசுவநாதபிள்ளை.

பத்திரிகையின் ஆயுள் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். ஞாயிறன்று நீங்கள் வாசிக்கும் தாள் திங்களன்று கச்சான் சரையாகிவிடும். அதில் எமக்கு மனவருத்தமில்லை; அதுவே பத்திரிகையின் இயல்பு. ஆனால் தாமோதரம்பிள்ளையின் நெஞ்சை உறுத்தியது வேறொன்று. நூற்றாண்டுகள் வாழவேண்டிய நூல்கள் ஏட்டுச் சுவடிகளிலே செல்லரித்து, தொட்டால் ஒடிந்து அழிந்துகொண்டிருந்தன. அவற்றுள் சில ஒன்றிரண்டு பிரதிகளாகவே எஞ்சியிருந்தன.

பத்திரிகையை விட்டபின் அரசாங்கக் கணக்குப் பகுதியில் உயர்ந்தார். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1887 இல் புதுக்கோட்டையில் நீதிபதியானார். ஆயினும் உத்தியோகம் அவருடைய வாழ்வின் ஒரு பாதி மட்டுமே. மறுபாதியில் ஊரூராய் ஏடு தேடினார், பிரதிகளை ஒப்புநோக்கினார், அச்சிட்டார். தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையர் உரை, ஆறுமுக நாவலர் பரிசோதிக்க, 1868 இல் வெளிவந்தது. 1881 இல் வீரசோழியம், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887 இல் கலித்தொகை, 1889 இல் சூளாமணி எனத் தொடர்ந்தன. தாமாகவும் கட்டளைக் கலித்துறை, வசன சூளாமணி முதலியவற்றை எழுதினார்.

பத்திரிகைப் பயிற்சி வீண்போகவில்லை. பதிப்புரைகளிலே பொதுமக்களை நேரே விளித்து, ஏடுகளின் பரிதாப நிலையை எடுத்துரைத்து, உதவி கேட்டார். உதவி போதாதபோது சொந்தப் பணத்தைச் செலவிட்டார். 1901 சனவரி முதல் நாள் காலமானார்.

கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்த இவர் பின்னர் சைவத்தைத் தழுவி அதிலேயே நிலைத்தார். இவருடைய மைந்தர் அழகசுந்தரமோ கிறிஸ்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்ற பெயரில் தமிழறிஞராய் விளங்கினார். தந்தையும் மகனும் சமயத்தால் வேறுபட்டனர், தமிழால் ஒன்றுபட்டனர். நாம் செபிக்கும் மொழியின் பழஞ்செல்வத்தைக் காத்தவருக்கு நாமும் கடன்பட்டவர்களே.

வாசகரே, 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை நினையுங்கள். ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. பல பிரதிகளாய் அச்சேறியவை வேறிடங்களிலே பிழைத்தன. ஒரே பிரதியாய் இருந்தவை போனவை போனவையே. தாமோதரம்பிள்ளை ஏன் அவ்வளவு அவசரப்பட்டார் என்பது இதனால் விளங்கும்.

உங்கள் வீட்டு றங்குப்பெட்டியிலும் பாட்டனார் எழுதிய கொப்பியோ, பழைய நாட்டுக்கூத்துப் பிரதியோ இருக்கக்கூடும். கறையான் அதை முந்திக்கொள்ளுமுன் வெளியே எடுங்கள். பிள்ளைகளைக்கொண்டு இன்னொரு பிரதி செய்வித்து, வேறொரு வீட்டிலும் வையுங்கள். இந்த வாரமே தொடங்குங்கள்.