ஏமி ஜான்சன் அம்மையாரும் ஜேசன் விமானமும்

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்கியோர் யாவரும் அப்பொருளுக்கு உண்மையில் உரியவராகிவிடுவதில்லை. வீணையொன்றை வாங்கி உறையிட்டு மூலையில் வைத்திருப்பவனினும், அதன் நரம்பு தளர்ந்தவிடத்து முறுக்கவும், மெட்டு இளகியவிடத்து மெழுகிட்டு நிறுத்தவும், பின் மடிமேல் வைத்து மீட்டவும் அறிந்தவனே அதற்கு உரியவன் என்னத் தகும். யந்திரங்களின் செய்தியும் இதுவே. பிறரொருவர் ஓட்டிப் பழகிய சிறு விமானமொன்றை வாங்கி, அதனைத் தம் கையாலேயே பேணி, துணையின்றித் தாமே செலுத்தி, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவரை சென்ற ஏமி ஜான்சன் அம்மையாரின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்குவதாகும். அவர் வானிற் பறந்ததை உலகம் அறியும். தரையில் அவர் புரிந்த வேலையை அறிந்தோர் சிலரே. ஆதலின் அவ்வேலையைச் சிறப்பாக உட்கொண்டு அவர் சரித்திரத்தை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

அம்மையார் 1903-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் தேதி இங்கிலாந்தின் கீழ்க்கரையிலுள்ள ஹல் என்னும் துறைமுகப் பட்டினத்திற் பிறந்தார். தந்தையார் மீன் வியாபாரத்தாற் செல்வாக்குற்றவர். அவர்தம் பெண்மக்கள் நால்வருள் ஏமியே மூத்தவர். ஹல் நகரப் பள்ளியிற் கற்றபின், ஷெபீல்டு சர்வகலாசாலையிற் சேர்ந்து பொருளாதாரம் பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார். அக்காலத்தில் பட்டம் பெற்ற பெண்ணொருத்திக்குத் திறந்திருந்த வாயில்கள் சிலவே. பள்ளியில் ஆசிரியையாகலாம், அன்றேல் காரியாலயத்திற் கடிதங்கள் எழுதித் தரலாம். ஏமி இரண்டாவது வழியைப் பற்றி, முதலில் தம் ஊரிலும், பின்னர் லண்டனில் வழக்கறிஞர் ஒருவரிடத்தும் அலுவல் பார்த்துவந்தார்.

லண்டன் நகரின் வடமேற்கே ஸ்டாக் லேன் என்னுமிடத்தில் அந்நாளில் ஒரு விமானத்தளம் இருந்தது. அங்கே அரசாங்கத்தின் பொருளுதவி பெற்ற விமானச் சங்கமொன்று, பெருஞ்செல்வர் அல்லாதாரும் செலுத்தக்கூடிய கட்டணத்தில் விமானமோட்டக் கற்பித்துவந்தது. 1928 செப்டம்பரில் ஏமி அங்கே முதற்பாடம் கேட்டார். அவரைப் பிறவி விமானி என்று புகழ்வார் உண்மையை அறியார். தனியே பறக்கவிடத் தக்கவர் என்று கருதப்படுவதற்கு முன் அவருக்கு ஏறக்குறைய 16 மணி நேரப் பயிற்சி வேண்டியிருந்தது. உடன் பயின்றார் பலருக்கு இதிற் பாதியே போதியதாயிருந்தது. விமானத்தைத் தரையில் மெல்லென இறக்கும் வித்தை அவருக்கு எளிதிற் கைவரவில்லை. பின்னாளிலும் அக்குறை அவரைவிட்டு முற்றும் நீங்கிற்றென்று கூறுதற்கில்லை. ஆயினும் 1929 ஜூலையில் விமானிக்குரிய அனுமதிச்சீட்டைப் பெற்றார்.

மற்றையோர் இவ்வளவில் அமைந்திருப்பர். ஏமிக்கோ, தம்மைச் சுமந்து செல்லும் யந்திரத்தின் உள்ளே நிகழ்வதை அறியாது அதன்மேல் அமர்ந்திருத்தல் பொறுக்கவில்லை. சங்கத்தின் விமானக் கொட்டகையில் தலைமைப் பணியாளராயிருந்த ஜேக் ஹம்ப்ரீஸ் என்பாரை அணுகித் தமக்கு எஞ்சின் வேலை கற்பிக்குமாறு வேண்டினார். பெண்மக்கள் அக்கொட்டகையினுள் நின்று வேலை செய்தல் அதுவரை கேட்டறியாதது. இவர் அங்குள்ளார்போல முழு உடுப்பணிந்து, எண்ணெய்க் கறை படிந்த கையினராய், ஸ்பானர் பிடித்து வேலை செய்தார். தரை துடைத்தலும், கழற்றிய உறுப்புக்களை மண்ணெண்ணெயிற் கழுவுதலும் இவருக்கு இழிவாகத் தோன்றவில்லை. தொழிலாளர் இவரை முதலில் வேடிக்கையாக நோக்கினர். பின்னர், தம்முள் ஒருவராகவே கருதி, ஜானி என ஆண்பெயரிட்டு அழைக்கலாயினர். பின் காரியாலய வேலையையும் விடுத்து, தந்தையார் உதவிய பொருளைக்கொண்டு இதனையே முழுநேரத் தொழிலாக மேற்கொண்டார். 1929 டிசம்பரில், விமான எஞ்சினைப் பரிசோதித்துப் பறத்தற்குத் தக்கதென்று சான்று கூறும் தரைப் பொறியாளர் உரிமை அவருக்கு அளிக்கப்பட்டது. பிரிட்டனில் அவ்வுரிமை பெற்ற முதற்பெண்மணி அவரே. அவரைப் பிற்காலத்துப் புகழால் அறிந்த நாம், இச்சான்றே அவர் பெற்ற சிறப்புக்களுள் தலையாயது என்று கருதுகின்றோம்.

இனி அவரது விமானத்தைப்பற்றிச் சில கூறுவோம். ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறக்கும் எண்ணம் உள்ளத்தில் வேரூன்றியபின், ஏமி பொருளுதவி நாடிப் பலருக்கும் கடிதம் எழுதினார், பெரும்பாலார் செவிசாய்த்திலர். முடிவில், எண்ணெய் வியாபாரத்தாற் பெருஞ்செல்வரான வேக்பீல்டு பிரபு, விமானத்தின் விலையிற் பாதியைத் தர இசைந்தார்; வழியிற் பெட்ரோலும் எண்ணெயும் கிடைக்கவும் ஏற்பாடு செய்தார். மறுபாதியைத் தந்தையார் உதவினார். வாங்கியது புது விமானமன்று. 1928-ல் கட்டப்பெற்று, ஹோப் என்னும் பெயருடைய விமானி நெடும்பயணங்களுக்கு வழங்கிவந்த ஜிப்சி மாத் வகை விமானம் அது. விலை 600 பவுன். தந்தையாரின் மீன் சரக்குக்கு வியாபாரக் குறியாயிருந்த ஜேசன் என்னும் பெயரையே அதற்கு இட்டு, கரும்பச்சை வண்ணம் பூசி, வெள்ளி நிறத்தில் எழுத்துப் பொறித்தனர்.

இக்காலத்து விமானங்களையே கண்டவர்க்கு ஜேசன் ஒரு விளையாட்டுப் பொருளெனத் தோன்றும். மேலொன்றும் கீழொன்றுமாக இருதட்டு இறக்கைகள். அவை ஒரு முனைக்கு மறுமுனை 30 அடி. உடலும் இறக்கையும் மரச்சட்டத்தால் ஆனவை. இறக்கைச் சட்டத்தின்மேல் லினன் துணியை இழுத்துக் கட்டி, டோப் என்னும் மெருகைப் பூசுவர். அது காயுந்தோறும் துணி சுருங்கி முரசின் தோல்போல் விறைத்து நிற்கும். இறக்கைகளைப் பின்னே மடித்து ஒரு சிறு கொட்டகையில் அடைத்துவிடலாம். முன்னே காற்றாற் குளிரும் நான்கு சிலிண்டர் எஞ்சின். அதன் ஆற்றல் சுமார் 100 குதிரைவேகம். மணிக்கு 85 மைல் அளவிற் செல்லும். விமானிக்குத் தலைமேற் கூரையில்லை. மழையும் வெயிலும் நேரே அவர்மேற் படும். வானொலிக் கருவியும் இல்லை. இத்தகைய விமானம் வைத்திருப்பவர்க்கு ஒருநாளும் ஓய்வில்லை. துணி கிழிந்ததா, மரம் ஈரத்தால் இளகிற்றா, கட்டுக்கம்பிகள் தளர்ந்தனவா என்று நோக்கவேண்டும். எஞ்சினில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து, வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்து, கறுத்த எண்ணெயை மாற்றவேண்டும். வழியிற் கிடைக்கும் பெட்ரோலில் நீரும் தூசியும் கலந்திருத்தல் கூடுமாதலின், மெல்லிய தோலில் வடித்தே ஊற்றவேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் நடுவானில் எஞ்சின் நின்றுவிடும்.

1930 மே 5-ஆம் தேதி காலை லண்டனையடுத்த குரோய்டன் விமானத்தளத்திலிருந்து ஏமி புறப்பட்டார். அவருக்கு அப்போது வயது 26. அதற்குமுன் அவர் பறந்த மிக நீண்ட தூரம் லண்டனிலிருந்து ஹல் வரையேயாம். வழிச்செலவுக்காகப் பொருத்தியிருந்த அதிகத் தொட்டிகளிலிருந்து, மேல் இறக்கையிலுள்ள தொட்டிக்குப் பெட்ரோலைக் கையாலேயே பம்பு செய்து ஏற்றவேண்டியிருந்தது. அதன் ஆவி அவருக்குக் குமட்டலை விளைத்தது. வியன்னா, இஸ்தான்புல், அலெப்போ என நாள்தோறும் ஓரூர் தங்கிச் சென்றார். மாலையில் இறங்கியபின் பிறர் உணவுக்கும் உறக்கத்துக்கும் செல்ல, இவர் விளக்கொளியில் எஞ்சினைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்வார். பாக்தாதை நோக்கிச் செல்லும்போது மணற்புயல் எழுந்து விமானத்தைப் பாலைவனத்தில் இறக்கிவிட்டது. தம் பெட்டிகளைச் சக்கரங்களுக்கு முட்டாக இட்டு, எஞ்சினுள் மணல் புகாதவாறு துணியால் மூடி, காற்று அடங்குமளவும் காத்திருந்து மீண்டும் எழுந்தார். 6 நாளிற் கராச்சியை அடைந்தபோதே உலகம் அவரை நோக்கித் திரும்பிற்று. 1928-ல் இவ்வழியே தனியே பறந்து சாதனை நாட்டிய ஹிங்க்ளர் என்னும் ஆஸ்திரேலியரினும் அவர் 2 நாள் முந்தியிருந்தார்.

இனி வந்தன இடையூறுகள். கராச்சியிலிருந்து அலகாபாத் செல்லக் கருதியவர், எதிர்க்காற்றாற் பெட்ரோல் குறைந்து ஜான்சியிற் படைகள் அணிவகுக்கும் மைதானத்தில் இறங்கி, இறக்கை சிதைவுற்றார். அதனைச் செப்பனிட்டுக்கொண்டு கல்கத்தா வழியே இரங்கூனை நோக்கிச் சென்றார். அங்கே மழைமேகங்கள் கவிந்திருந்தன. இறங்கக் கருதிய குதிரைப்பந்தய மைதானத்தைக் காணாது, இன்செயின் என்னுமிடத்தில் வேறொரு மைதானத்தில் இறங்க, விமானம் ஓடிச்சென்று ஒரு பள்ளத்தில் வீழ்ந்தது. இறக்கை கிழிந்தது, சக்கரக் கால்கள் முறிந்தன, முன்விசிறியும் உடைந்தது. எல்லாம் முடிந்தது என்றே எவரும் எண்ணியிருப்பர்.

ஆனால் அம்மைதானம் அரசாங்கத் தொழிற்கல்லூரி ஒன்றிற்குரியதாயிருந்தது நல்லூழேயாம். ஆசிரியரும் மாணாக்கரும் ஓடிவந்து கைகொடுத்தனர். முறிந்த மரத்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி, வேண்டிய உறுப்புக்களைப் பட்டறையிற் செய்தனர். இறக்கைக்கு வேண்டிய லினன் துணி எங்கே கிடைக்கும்? முதல் உலகப் போர் முடிந்தபின் மிஞ்சிய விமானத் துணியை வாங்கி அவ்வூரிற் சிலர் சட்டைகளாகத் தைத்திருந்தனர். அச்சட்டைகளைத் திரட்டிப் பிரித்து, மீண்டும் விமானத்துக்கே போர்த்தினர். டோப் மெருகை மருந்துக் கடைக்காரர் ஒருவர் கலந்து தந்தார். முன்விசிறிக்கு மாற்றாக ஒன்றை ஏமி புறப்படும்போதே விமானத்தின் பக்கத்திற் கட்டிக்கொண்டு வந்திருந்தார். இம்முன்யோசனை எஞ்சின் கொட்டகையிற் கற்ற பாடமன்றோ! வந்த மூன்றாம் நாள் ஜேசன் மீண்டும் வானில் எழுந்தது. மாணாக்கர் கையால் உயிர்பெற்ற விமானம் ஒன்று கடல் கடந்து சென்றமை, கல்லூரி வாழ்வினராகிய நாம் எண்ணி மகிழத்தக்கது.

எனினும், ஹிங்க்ளரை முந்தும் நம்பிக்கை அந்நாட்களோடு நீங்கிற்று. பருவமழையினூடே பாங்காக், சிங்கப்பூர் கடந்து ஜாவாத் தீவை அடைந்தார். அங்கே கரும்புத் தோட்டம் ஒன்றில் இறங்கியபோது, நட்டிருந்த மூங்கிற் கழிகள் இறக்கைத் துணியைத் துளைத்தன. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைத் துளைகளின்மேல் ஒட்டிக்கொண்டு புறப்பட்டார். திமோர்த் தீவினின்றும் ஏறக்குறைய 500 மைல் திறந்த கடல். இடையே நின்ற எண்ணெய்க் கப்பலொன்றைக் கண்டு தாம் வழிதவறவில்லையென்று தேறினார். மே 24-ஆம் தேதி டார்வின் நகரில் இறங்கினார். ஏறக்குறைய 11,000 மைல் தூரம். கழிந்தவை பத்தொன்பதரை நாட்கள். ஹிங்க்ளர் எடுத்தவை பதினைந்தரை நாட்கள். ஆகவே ஏமி எந்தக் காலச் சாதனையையும் முறியடித்தவரல்லர். ஆயினும் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதற்பெண்மணி என்னும் புகழ் அவருக்கே உரியதாயிற்று.

அப்புகழ் அவருக்கு இனிமையாக அமைந்ததென்று சொல்லுதற்கில்லை. சில நாட்களுக்குள் பிரிஸ்பேன் நகரில் இறங்குகையில் ஜேசன் தலைகீழாகக் கவிழ்ந்தது. அவர் காயமின்றித் தப்பினார். தாய்நாடு திரும்பியபோது திரளான மக்கள் குரோய்டனிற் கூடி எதிர்கொண்டனர். அரசர் பட்டம் அளித்தார். லண்டன் பத்திரிகையொன்று 10,000 பவுன் வழங்கியது. ஆனால் ஊரூராகச் சென்று முகங்காட்டவேண்டிய கடமை அவர் உடலையும் உள்ளத்தையும் தளர்த்திவிட, பத்திரிகை வகுத்த சுற்றுப்பயணத்தை நடுவிலே நிறுத்தினார். சிட்னி நகரப் பள்ளிச் சிறுவர் சேர்த்தளித்த பணத்தைத் தமக்கென வையாது, ஹல் நகரத்துச் சிறுவருள் வீரச்செயல் புரிந்தார்க்கு ஆண்டுதோறும் வழங்கும் பொற்கிண்ணமாக்கினார்.

அதன்பின் நிகழ்ந்தவற்றை விரித்தல் வேண்டா. 1931-ல் தம் ஆசான் ஹம்ப்ரீஸையே துணைக்கொண்டு டோக்கியோவரை பறந்தார். 1932-ல் மாலிசன் என்னும் விமானியை மணந்து, அவ்வாண்டிலேயே கேப் டவுனுக்குத் தனியே பறந்து தம் கணவர் நாட்டிய சாதனையைக் கடந்தார். 1936-ல் அவ்வழியில் மீண்டும் வென்றார். பெண் பொறியாளர் சங்கத்தின் தலைமையும் அவரைத் தேடிவந்தது. மணவாழ்வோ நிலைக்கவில்லை, 1938-ல் அது முறிந்தது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது, பட்டறையிலிருந்து படைத்தளங்களுக்கு விமானங்களைக் கொண்டுசேர்க்கும் பணியில் அமர்ந்தார். 1941 ஜனவரி 5-ஆம் தேதி அவ்வாறு ஒரு விமானத்தைக் கொண்டுசெல்கையில், மேகமூட்டத்தில் வழிவிலகித் தேம்ஸ் நதிமுகத்துக் கடலில் வீழ்ந்தார். அவரை மீட்க, கப்பல் தலைவர் பிளெட்சர் என்பார் பனிநீரிற் குதித்துத் தாமும் உயிர்நீத்தார். ஏமியின் உடல் அகப்படவேயில்லை. அவருக்கு வயது 37.

இவர் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? துணிவு என்பார் பலர். துணிந்தார் பலர் கடலில் மாண்டனர், பெயரும் அறியோம். இறங்குந்தோறும் விமானத்தை ஊறுபடுத்திய ஒருவர் 11,000 மைல் கடந்தமைக்குக் காரணம், ஊறுபட்டதை மீட்கும் அறிவு அவர் கையில் இருந்தமையே. பட்டம் பெற்ற பின்னும், கொட்டகைத் தொழிலாளியிடம் மாணாக்கராய் நிற்க அவர் கூசவில்லை. ஏட்டுக் கல்வி பெற்றோர் கையால் உழைத்தலை இழுக்கெனக் கருதுமிடத்தெல்லாம் அவர் வரலாறு ஒரு மறுமொழியாக நிற்கின்றது. ஜேசன் இன்றும் லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையில் வைக்கப்பெற்றிருக்கின்றது. அதனைக் காண்போர் மரமும் துணியுமாகிய அதன் சிறுமையைக் கண்டு வியப்பர். அதனை நாள்தோறும் தொட்டுத் துடைத்த கைகளையும் அவர்கள் நினைப்பாராயின், அவர்கள் கண்டது முழுமையுறும்.